மஞ்சள் கொடி இல்லாத வீதி

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ் பந்தயம். தொற்றுநோயும் பொருளாதார நெருக்கடியும் ஐந்து ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த பந்தயம் என்பதால் சனம் திரண்டு வந்திருந்தது. ஓட்டம் ஒன்றின் நடுவே ஒரு கார் தடத்திலேயே கவிழ்ந்தது. தட உதவியாளர்கள் மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டினார்கள். ஆனாலும் பின்னால் வந்த கார்களின் வேகம் தணியவில்லை என்று அன்றைய செய்திகள் கூறின. அவற்றில் ஒன்று தடத்தை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். நால்வர் தட உதவியாளர்கள். ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

பந்தயக் கார் ஓட்டும் எவருக்கும் மஞ்சள் கொடியின் பொருளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. உலகத்தின் எந்தத் தடத்திலும் இதுதான் பொருள். அறியாமை என்று அந்த நாளை விளக்கிவிட முடியாது. தெரிந்த ஒன்று அந்தச் சில விநாடிகளில் ஏன் கைக்கும் காலுக்கும் வந்து சேரவில்லை என்பதே கேள்வி. கார்ப் பிரியர் கழகங்களில் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சுவரொட்டி, ஒரு பொலிஸ் அதிகாரியின் உரை, ஒரு குழுப் படம், பிறகு பகலுணவு. தெரியாதவர்களுக்குச் சொல்லும் பாடத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்ட திருப்தி.

நான் இதை எழுதும்போது மனதில் இருப்பது தியத்தலாவையின் மண் தடமல்ல, மாத்தளை மாவட்டத்துச் சாதாரண வீதி ஒன்று. மாத்தளை நகரிலிருந்து ஏ9 வழியே வடக்கே போனால் அலுவிகாரை, அதற்கப்பால் பலாபத்வலை. அங்கே இடப்பக்கம் பிரியும் வீதி பல்லேபொல, அக்குரம்பொட வழியாகக் கலேவெலையை நோக்கிப் போகிறது. பிரியாமல் நேரே போனால் நாலந்தை, நாவுல, தம்புள்ளை. தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் இருந்து சிகிரியாவுக்கோ, திருகோணமலைக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ வார இறுதியில் கூட்டமாகக் கிளம்பும் கார்களுக்குப் பழக்கமான திசை இது. இதே திசையில்தான் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி லொறிகள் இரவும் விடியலும் போய் வருகின்றன. வாசனைத் திரவியத் தோட்டங்களின் வாசலில் சுற்றுலா வேன்கள் சமிக்ஞை போடாமலே திரும்புகின்றன.

கிளை வீதிக்குள் இறங்கினால் உலகமே வேறு. அறுவடைக் காலத்தில் தாரின் ஒரு பக்கம் நெல் காயும், அதைச் சுற்றிக் கற்களும் மரக்கிளைகளும் வைத்திருப்பார்கள். பின்விளக்கு இல்லாத லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வளைவுக்கு அப்பால் ஊர்ந்துகொண்டிருக்கும். பாடசாலை விட்டால் வெள்ளைச் சீருடைகள் வீதியின் அரைப் பங்கை எடுத்துக்கொள்ளும். நாய்கள் படுத்திருக்கும் இடத்தைவிட்டு எழும்புவதில்லை. ஓட்டோக்காரர் பின்னால் பார்க்காமலே வீதிக்கு ஏறுவார். இவை ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் கொடிதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. சாரதி தானே கண்டு, தானே தனக்குக் காட்டிக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் வீதி விபத்துகள் 2018இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தன. தொற்றுக் காலத்துக்குப் பின் அந்த எண்ணிக்கை சற்று இறங்கியது என்றாலும் ஒரு நாளைக்கு ஆறேழு பேர் என்ற கணக்கிலேயே நிற்கிறது. இறப்பவர்களில் பெரும்பகுதியினர் காருக்குள் இருந்தவர்களல்லர், மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களுமே. கார்க் கழகம் ஒன்று பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். உறுப்பினரின் உயிரைக் காப்பது விவகாரத்தின் சிறிய பாதி. பெரிய பாதி வீதி ஓரத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

இனி இந்தக் கழகக்காரர்கள் யார் என்று பார்க்கலாம். இலங்கையில் காரை விரும்புவது புதிய பைத்தியமல்ல. இலங்கை வாகனக் கழகம் 1904இல் தொடங்கியது. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் ஆரம்பமானது. இன்றோ பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூட்டம், லேண்ட்ரோவருக்கு ஒன்று, மெர்சிடிசுக்கு ஒன்று என்று எந்தச் சின்னத்துக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார் வெறும் போக்குவரத்துச் சாதனமாக இருக்கவில்லை, சொத்தாகிவிட்டது. டொயோட்டா டீஎக்ஸ் வேகனையும் பொக்ஸ் லான்சரையும் கொழும்பின் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடித் தேடி உயிரோடு வைத்திருந்த தலைமுறை ஒன்று உருவானது. தன் வண்டியின் ஒவ்வொரு திருகாணியையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் இவர்கள். வீதியில் போகும் ஆயிரம் சாரதிகளில் இயந்திரத்தை மிக நன்றாக அறிந்த பத்துப் பேரை எடுத்தால், அதில் பலர் ஏதோ ஒரு கழகத்தின் ஸ்டிக்கர் ஒட்டியவர்களாக இருப்பார்கள். அப்படியானால் வீதியில் மிகப் பாதுகாப்பாக ஓட்டுகிறவர்களும் இவர்களாகத்தானே இருக்க வேண்டும்?

அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டார்கள். அலன் வில்லியம்ஸ், பிரையன் ஓநீல் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு அது. புளோரிடா, நியூயோர்க், டெக்சாஸ் மாநிலங்களில் பந்தய ஓட்டுநர் உரிமம் பெற்றவர்களின் சாதாரண வீதிப் பதிவேடுகளை எடுத்து, அதே வயதும் பாலும் கொண்ட சாதாரண சாரதிகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். பந்தயக்காரர்களின் பதிவேடே மோசமாக இருந்தது. வேக மீறல்கள் கூடுதல், விபத்துகளும் கூடுதல். காரை எல்லை வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்கள், வேலைக்குப் போய்வரும் வீதியில் மற்றவர்களைவிட அதிகமாக மோதியிருந்தார்கள்.

இதிலிருந்து திறமை ஆபத்தானது என்று முடிவு கட்டுவது அவசரம். வேகத்தை விரும்புகிறவர்களே பந்தய உரிமம் எடுக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் திறமையையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. நோர்வே 1979இல் புதிய சாரதிகளுக்கு வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பனிநாடு என்பதால் கேட்பதற்கு நியாயமான யோசனை. பின்னர் அல்ஃப் கிளாட் என்பவர் அதன் பலனை அளந்து 1988இல் எழுதினார். இளம் ஆண்களிடையே வழுக்கும் வீதி விபத்துகள் குறையவில்லை, கூடின. சறுக்கினால் மீட்கத் தெரியும் என்ற நம்பிக்கை, சறுக்காமல் போக வேண்டும் என்ற பயத்தைத் தின்றுவிட்டது. சுவீடனில் 1996இல் கிரெகர்சென் செய்த சோதனை இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. ஒரு குழுவுக்குப் பிரேக் கையாளும் திறன் கற்பிக்கப்பட்டது. மற்றக் குழுவுக்குத் தங்கள் திறனின் எல்லை எங்கே என்று உணர்த்தப்பட்டது. பிறகு சோதித்தபோது இரு குழுவினரின் கைவண்ணமும் ஒன்றுபோலவே இருந்தது. முதற் குழுவினர் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பீடு மட்டும் உயர்ந்திருந்தது.

அந்த மதிப்பீடு ஏற்கெனவே எல்லோருக்கும் உயரம்தான். 1981இல் ஓலா ஸ்வென்சன் அமெரிக்க, சுவீடன் மாணவர்களிடம், உங்களோடு இருப்பவர்களில் உங்கள் ஓட்டும் திறன் எந்த இடம் என்று கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதத்தினர் தங்களை மேற்பாதியில் வைத்துக்கொண்டார்கள். சுவீடன்காரர்கள் அடக்கமானவர்கள், 69 சதவீதம். பல்லேபொலச் சந்தியில் நின்று இதே கேள்வியைக் கேட்டால் என்ன விடை வரும் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை.

ஆகவே கார்க் கழகம் ஒன்று பாதுகாப்புக்காக 'மேம்பட்ட ஓட்டுப் பயிற்சி' நடத்துகிறது என்றால் நான் உடனே கைதட்டத் தயங்குவேன். என்ன கற்பிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே தட்டுவேன். கூம்புகளுக்கு நடுவே வளைத்து ஓட்டும் விளையாட்டு நல்ல பொழுதுபோக்கு. அதைப் பாதுகாப்புப் பயிற்சி என்று அழைக்காதவரை அதில் தவறு இல்லை.

பயிற்சி எங்கே பலிக்கும்? கார்ப் பிரியருக்குக் கணக்குப் பிடிக்கும், அதிலிருந்து தொடங்கலாம். இலங்கையில் காருக்கு ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. இரண்டுக்கும் நடுவே வெறும் இருபதுதானே என்று தோன்றும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி, நல்ல டயர், காய்ந்த தார் என்று வைத்துக்கொள்வோம். 50இல் வருபவர் அந்த ஒரு விநாடியில் 14 மீற்றர் போகிறார், பிரேக் பிடித்த பின் இன்னொரு 14. மொத்தம் 28 மீற்றரில் நிற்கிறார். 70இல் வருபவருக்கு முதல் விநாடியே 19 மீற்றர். ஐம்பதுக்காரர் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை எழுபதுக்காரர் கடக்கும்போது அவர் பிரேக் பிடித்து எட்டு மீற்றர்தான் ஆகியிருக்கும். வேகமுள் அப்போதும் 58ஐக் காட்டும். ஒருவர் நிற்கும் இடத்தில் மற்றவர் 58 கிலோமீற்றர் வேகத்தில் மோதுகிறார். மழை பெய்து தார் நனைந்திருந்தால் கணக்கு இன்னும் கொடுமை. பாடசாலைப் பிள்ளை நிற்கும் இடம் அந்த இருபத்தெட்டாவது மீற்றராக இருந்தால் என்ன என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இதன் மறுபக்கக் கணக்கு ஒன்றும் உண்டு. மாத்தளையிலிருந்து தம்புள்ளை சுமார் 46 கிலோமீற்றர். சராசரி 60இல் போனால் 46 நிமிடம். சராசரி 70 ஆக்க வேண்டும் என்றால், ஊர்களும் லொறிகளும் உள்ள அந்த வீதியில் இடையிடையே 90, 100 என்று ஏற வேண்டியிருக்கும். அத்தனை பாடுபட்டு மிச்சம் பிடிப்பது ஆறரை நிமிடம். தம்புள்ளையில் இறங்கித் தேநீர் சொன்னால் வருவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். கழகப் பேச்சில் நான் மிக அஞ்சும் வாக்கியம், "கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் இத்தனை மணித்தியாலத்தில் வந்துட்டன் மச்சான்" என்பதுதான். அதில் சொல்பவர் தானே தன்னை மதிப்பிட்டுக்கொள்கிறார், கேட்பவர்கள் அந்த மதிப்பீட்டுக்குக் கையொப்பம் இடுகிறார்கள். வீதியில் நடக்கும் பந்தயத்துக்கு இதைத் தவிர வேறு பரிசு கிடையாது. பரிசை நிறுத்தினால் பந்தயம் பாதி நின்றுவிடும்.

கேட்பவர்கள் என்றேன். அவர்கள் அருகில் இருப்பதே சாரதியை மாற்றுகிறது என்பதற்குச் சான்று உண்டு. 2005இல் மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பேர்க் இருவரும் வெவ்வேறு வயதுள்ள மூன்று குழுவினருக்கு ஒரு கணினி ஓட்டு விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்த பின் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதே சோதனை. இங்கும் மஞ்சள்தான்! தனியாக விளையாடியபோது வயதுக் குழுக்களிடையே பெரிய வித்தியாசம் இல்லை. சம வயது நண்பர்கள் இருவர் பக்கத்தில் இருந்து பார்த்தபோது பதின்ம வயதினரும் இருபதை ஒட்டியவர்களும் அதிகம் துணிந்தார்கள். இருபத்துநான்கைத் தாண்டியவர்களை நண்பர்கள் அவ்வளவாக அசைக்கவில்லை. கழகத்தில் புதிதாகச் சேர்ந்த இருபது வயது இளைஞனுக்குப் பின்னால் நாலு கார், முன்னால் நாலு கார், எல்லாவற்றிலும் பார்க்கும் கண்கள். தனியாகப் போகும்போது அவன் ஓட்டுவதும் அன்று ஓட்டுவதும் ஒன்றாக இராது.

இதனால்தான் கழகத்தின் பாதுகாப்பு என்பது தனித்தனிச் சாரதிகளைத் திருத்துவதைவிட, கூட்டமாகப் போகும் முறையைத் திருத்துவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டப் பயணத்தின் இயல்பைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பதினைந்து கார்கள் மாத்தளையிலிருந்து வரிசையாகக் கிளம்புகின்றன. முதல் கார் 60இல் போகிறது. பத்தாவது காருக்கு முன்னால் ஒரு பஸ் ஆள் ஏற்ற நிற்கிறது, ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. இந்த நேரத்தில் முன்னால் போனவர்கள் ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளிவிட்டார்கள். பத்தாவது கார் அவர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் 80இல் நாலரை நிமிடம், ஆறு கிலோமீற்றர் ஓட வேண்டும். 70இல் மட்டும் போவேன் என்றால் பத்தரைக் கிலோமீற்றர் ஆகும். அவருக்குப் பின்னால் வருபவரோ அவரையும் பிடிக்க வேண்டும். முதல் கார் சட்டத்துக்குள் அமைதியாகப் போய்க்கொண்டிருக்க, கடைசிக் கார் வளைவில் லொறியை முந்திக்கொண்டிருக்கும். முன்னால் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் செய்யும் ஒரே காரியம் தொலைபேசியில் கேட்பது: "எங்கடா நிக்கிறாய்?" அந்த ஒரு கேள்விக்கு இருக்கும் வேகம் எந்த டர்போவுக்கும் இல்லை.

முந்துவதும் கூட்டத்தில் தொற்றும் நோய். முன்னால் போன நண்பன் லொறியை முந்திவிட்டான் என்றால் வழி திறந்திருக்கிறது என்று பின்னவன் எடுத்துக்கொள்கிறான். ஆனால் அது அவனுக்காகத் திறந்த வழியல்ல. நண்பன் பார்த்த வெற்று வீதி நாலு விநாடிக்கு முந்தையது. ஒரு பக்கத்துக்கு ஒரே தடம் உள்ள வீதியில் நாலு விநாடியில் எதிரே வருபவர் எங்கிருந்து எங்கே வந்திருப்பார்?

இதற்கு மருந்து புத்திமதியல்ல, ஏற்பாடு. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மோட்டார் சைக்கிள் கழகங்கள் பல காலமாகக் கையாளும் முறை ஒன்றைக் கார்களுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாமவர் நிற்கும் முறை என்று அதைச் சொல்லலாம். வரிசைக்கு முன்னால் போகும் கார் ஒன்று, எல்லோருக்கும் பின்னால் வரும் கார் ஒன்று. இந்த இருவரும் மாறுவதில்லை. பாதை திரும்பும் ஒவ்வொரு சந்தியிலும் முதல் காருக்கு அடுத்து வருபவர் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்குத் திசை காட்டுகிறார். கடைசிக் கார் வந்ததும் அதற்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்கிறார். அடுத்த சந்தியில் அடுத்தவரின் முறை. இப்போது எவரும் எவரையும் கண்ணில் வைத்திருக்கத் தேவையில்லை. முன்னால் போகும் காரை ஒரு மணிநேரம் காணாவிட்டாலும் வழி தவறாது. வழி தவறும் பயம் போனால், பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் போய்விடும். பதினைந்து கார்கள் ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் வண்டிக்கும் ஊர்க்காரருக்கும் முந்த இடமில்லை. அந்தத் தொல்லையும் தீரும்.

வரிசையில் எந்தக் கார் எங்கே என்பதும் சிறிய விடயமல்ல. வழக்கமாக வலுவான கார் முன்னால், பழைய கார் பின்னால். இதை மாற்றி, மெதுவான காரையே முதல் காராக விட்டால் முழு வரிசையின் வேகமும் அதன் வேகத்துக்கு இறங்கும். 1.3 லீற்றர் பழைய கொரொல்லாவுக்குப் பின்னால் ஒரு லான்சர் எவலூஷன் பொறுமையோடு போகும் காட்சிக்கு நகைச்சுவையும் உண்டு, பயனும் உண்டு.

சட்டத்தின் பங்கு என்ன என்று கேட்பார்கள். உண்டு, ஆனால் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த அலங்கார விளக்குகளையும் கூடுதல் பாகங்களையும் கழற்றச் சொன்னபோது எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். வெளியிலிருந்து வரும் கட்டளைக்கு வண்டிப் பிரியரின் முதல் எதிர்வினை எப்போதும் சலசலப்புதான். உள்ளிருந்து வரும் சொல்லுக்கு வேறு எடை.

சட்டம் எட்டாத ஒரு மூலையில் கழகம் எட்டலாம். பந்தயத் தடத்தில் இறங்கும் காரைப் போட்டிக்கு முன் பரிசோதிப்பார்கள். வீதியில் ஓடும் தனியார் காருக்கோ வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் போதும். பிரேக்கையும் டயரையும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஐந்து ஆண்டு இறக்குமதித் தடையின் காலத்தில் எத்தனை பழைய டயர்கள் 'பூ இன்னும் இருக்கு' என்ற நம்பிக்கையில் ஓடின என்று யோசித்தால் குளிர்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று அச்சாகி இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் இறப்பர் இறுகிப்போன டயர் நனைந்த வளைவில் பிடிக்காது. ஒரு கழகம் பயணத்துக்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஒருவர் காரை மற்றவர் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். கார்ப் பிரியருக்கு இது உபதேசமாகவே தெரியாது. அடுத்தவர் காரில் குறை கண்டுபிடிக்க அனுமதி கிடைப்பதைவிட அவருக்குப் பெரிய இன்பம் ஏது?

ஆனால் காரைச் சரிசெய்துவிட்ட நிம்மதிக்கும் ஒரு பொறி உண்டு. மூனிச் நகர டாக்சிகளில் பாதிக்குச் சக்கரத்தைப் பூட்டவிடாத ஏபிஎஸ் பிரேக் பொருத்தி, மற்றப் பாதியோடு ஒப்பிட்ட பழைய ஆய்வு ஒன்று பலர் அறிந்தது. விபத்து எண்ணிக்கையில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நல்ல பிரேக் கிடைத்தவர்கள் அதைக் கூடுதல் வேகமாகச் செலவழித்துவிட்டார்கள். புதிய டிஸ்க் போட்ட அன்றே அதைச் சோதித்துப் பார்க்கும் நம் ஊர் வழக்கத்தை மூனிச்சிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளிருந்து வரும் சொல்லுக்கு எடை அதிகம் என்றேன். 1966 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் ஜாக்கி ஸ்டுவர்ட்டின் கார் பறந்து விழுந்தது. பெற்றோல் உடலை நனைக்க, நசுங்கிய காருக்குள் சுமார் இருபத்தைந்து நிமிடம் சிக்கியிருந்தார். அவரை மீட்டவர்கள் சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பொப் பொண்டுராண்டும். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பேனர் இல்லை, பார்வையாளர் ஒருவரிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதன் பின் ஸ்டுவர்ட் தன் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டிக்கொண்டு ஓடினார். இருக்கைப் பட்டி வேண்டும், தடுப்புகள் வேண்டும், மருத்துவர் வேண்டும் என்று ஓயாமல் கேட்டார். கோழை என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் ஏளனம் அதிக தூரம் போகவில்லை, ஏனென்றால் அந்தக் 'கோழை' 1969, 1971, 1973 என்று மூன்று முறை உலக சாம்பியன். வேகத்தில் அவரை வெல்ல முடியாதவர்களால் அவர் சொல்லைத் தள்ள முடியவில்லை.

பிரித்தானியப் பொலிஸாரின் கதையும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. 1930களில் லண்டன் பெருநகரப் பொலிஸ், ஹெண்டனில் தொடங்கிய சாரதிப் பள்ளியின் கற்பித்தலை வடிவமைக்க அழைத்தது ஒரு பந்தய ஓட்டுநரை, கொட்டென்ஹாம் பிரபுவை. அவர் கற்பித்ததோ வேகமல்ல, அமைதி. வீதியை முன்கூட்டிப் படிப்பது, எது கண்ணுக்குத் தெரிகிறது, எது மறைந்திருக்கிறது, எது நடக்கக்கூடும் என்று ஒழுங்காக எண்ணுவது. இந்தக் கலை 1955இல் பொலிஸாரின் கைநூலாக வந்தது. மறு ஆண்டே அதைச் சாதாரண சாரதிகளிடம் கொண்டுபோகவென்று மேம்பட்ட மோட்டார் சாரதிகளுக்கான நிறுவனம் ஒன்று தொடங்கி, ஊர் ஊராகக் குழுக்கள் அமைந்தன. அங்கே தொண்டர் ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்ப்பார். பொலிஸ் பள்ளியிலிருந்து வந்த பயிற்சி ஒன்று உண்டு: ஓட்டிக்கொண்டே, காண்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதைப் பல்லேபொல வீதியில் நானே செய்து பார்த்தேன். "இடப்பக்கம் கடை, முன்னால் ஓட்டோ, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கு, எழும்பலாம். எதிரே பஸ், அதன் பின்னால் என்ன என்று தெரியவில்லை. வீதியில் வைக்கோல், அப்படியானால் வளைவுக்கு அப்பால் நெல். மதகில் இரண்டு பேர், ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி." சொல்லிக்கொண்டே போனால் கால் தானாக மேலே எழும்புகிறது. 60க்கு மேல் போனால் வாய் கண்ணோடு ஓடி வர முடியாமல் திணறுகிறது, சொல்லாமல் விட்டவை குவிகின்றன. மூளையால் பார்த்து முடிக்க முடியாத வேகத்தில் போகிறேன் என்பதை அந்தத் திணறல் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. கிரெகர்செனின் இரண்டாவது குழு கற்றதும் இதைப் போன்றதுதான். காரை விரும்புகிறவர்கள் இதையே ஒரு போட்டியாக்கலாம். பலாபத்வலையிலிருந்து அக்குரம்பொட வரை யார் அதிகம் கண்டார்கள் என்று நடுவர் ஒருவர் பக்கத்து இருக்கையில் எண்ணட்டும். வேகமாகப் போனவர் தோற்பது உறுதி என்பதுதான் அந்தப் போட்டியின் அழகு.

வேகத்துக்கு இடமே இல்லாமல் எப்படி, இது எங்கள் விளையாட்டல்லவா என்ற முறைப்பாடு நியாயமானது, பாதி. மஹகஸ்தொட்டவில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு மலை ஏறியவர்கள் அதற்காக வீதியை மூடினார்கள். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. வேகத்துக்கு ஓர் இடம், ஒரு நாள், ஒரு வேலி என்று ஒதுக்குவது பழைய கழகங்களின் அறிவு. அந்த வேலிக்குள்ளும் என்ன நேரலாம் என்பதைத் தியத்தலாவை காட்டியது. வேலியே இல்லாத வீதியில் அதே வேகத்தை நியாயப்படுத்த அந்த முறைப்பாட்டின் மற்றப் பாதி உதவாது. காப்புறுதிக்காரருக்கும் இது தெரியும். போட்டி, வேகப் பரீட்சை என்று வந்தால் இழப்பீடு இல்லை என்ற வரி மோட்டார் பத்திரங்களில் வழமையாக இருப்பது. உறுப்பினர்கள் அதைப் படித்தார்களா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஏ9இலிருந்து பல்லேபொல வீதி பிரியும் பலாபத்வலைச் சந்தியைக் கற்பனை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசையின் இரண்டாவது கார் ஓரமாக நிற்கிறது, அதன் சொந்தக்காரர் பொனற்றில் சாய்ந்து கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். எட்டு கார்கள் திரும்பிவிட்டன. ஒன்பதாவதற்கும் பத்தாவதற்கும் நடுவே ஒரு மரக்கறி லொறி, இரண்டு பஸ், உர மூடையோடு ஒரு சைக்கிள். அவருக்குத் தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை. அவரும் யாரையும் அழைக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. கடைக்காரர் தேநீர் வேண்டுமா என்று கேட்க, சீனி குறைத்து ஒன்று சொல்கிறார். அது பாதி முடியும்போது அலுவிகாரைப் பக்கத்திலிருந்து பழைய டீஎக்ஸ் வேகன் ஒன்று, பின்கண்ணாடியில் கழக ஸ்டிக்கரோடு, இடப்பக்கச் சமிக்ஞையை நேரத்தோடு போட்டுக்கொண்டு மெல்ல வருகிறது. அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு வர வேண்டும். அவர் மற்றப் பாதியையும் ஆற அமரக் குடிக்கிறார்.